எங்கே போறீங்க என்று கேட்ட பெட்டி

அனுசியாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். கண்டக்டர் சில்லறை கேட்டால் பயம், முதலாளி தொண்டையைச் செருமினால் பயம். அப்பா பால்ச்சாமியும் அம்மாவும் திருச்சுழிப் பக்கம் கூலிக்குக் களையெடுத்தவர்கள். மகளாவது நிழலில் உட்காரட்டும் என்று பாளையம்பட்டிக்குக் குடிவந்து, மில் வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தார்கள். அவளும் உட்கார்ந்துவிட்டாள், அருப்புக்கோட்டையில் விஜயபாண்டி நடத்தும் விளம்பரக் கம்பெனியில். வேலை எப்போது பறிபோகுமோ என்ற நடுக்கம் மட்டும் விட்டபாடில்லை.

போர்வெல் வண்டி வைத்துத் தொழில் நடத்தும் பூமிநாதன்தான் கம்பெனிக்குப் படியளக்கிற பெரிய புள்ளி. போனில் யாராவது 'போர்வெல்' என்று தேடினால் அவர் விளம்பரம் முதலில் வந்து நிற்கும். அது காசு கொடுத்துப் பிடித்த இடம். தொட்டால் அனுசியா செய்த பக்கம் திறக்கும். ஆனால் வருகிறவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு, நம்பர்கூடக் கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தார்கள்.

"போறவனப் புடிச்சு நிறுத்தும்மா" என்றார் விஜயபாண்டி.

பக்கத்தை மூடப்போகிற நேரத்தில் ஒரு பெட்டி குறுக்கே குதிக்கும்படி செய்தாள். துணிக்கடைக்காரர்களின் பக்கங்களில் பார்த்த மாதிரியே அதில் எழுதினாள்: 'எங்கே போறீங்க? கொஞ்சம் நில்லுங்க!'

வீட்டில் கிளம்புகிற ஆளைப் பார்த்து இப்படிக் கேட்டிருந்தால் அம்மா முதுகில் ஒன்று வைத்திருப்பாள். போகிற காரியத்துக்கு அது சகுனத்தடை. அதிலும் போர் போடுவது என்றால், வானம் பார்த்த இந்தப் பூமியில், நாள் பார்த்து, தேங்காயைக் கையில் நிறுத்தி நீரோட்டம் பார்த்து, சாமி கும்பிட்டுச் செய்கிற காரியம். இதெல்லாம் தெரிந்து வளர்ந்த மகராசிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் புத்தி எங்கே போனதோ!

கொஞ்ச நாளில் பூமிநாதன் போனில் கத்தினார். "கூப்புடுறவன்லாம், 'போன்ல உங்க விளம்பரமே எங்கே போறீங்கன்னு தடுத்துருச்சு, வேற நாள் பாக்குறோம்'ங்குறான். எவன்யா இத எழுதுனது? நாளைக்கு நேர்லயே வாரேன்."

"நீயே பதில் சொல்லிக்க" என்று விஜயபாண்டி கை கழுவிவிட்டார். அனுசியா அந்த நிமிஷமே பெட்டியை எடுத்துவிட்டாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இனி அம்மாவோடு மில்லுக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

மறுநாள் பூமிநாதன் தனியாக வரவில்லை. கூடவே ஜெயபாண்டி, திருச்சுழிக்கு அங்கிட்டுக் காடுகரை வைத்து வெள்ளாமை செய்கிற சம்சாரி. பெட்டி குறுக்கே வந்தும் கேட்காமல் போர் போட்டவர். குழியிலிருந்து வந்தது வெறும் புழுதி.

"எழுதுனது யாரு?" என்றார் ஜெயபாண்டி.

"நா... நான்தான்யா" என்றாள் அனுசியா.

அடிக்கப்போகிறார் என்று பார்த்தால், கையெடுத்துக் கும்பிட்டார். "நீ தடுத்த, தாயி. நாந்தான் கேக்கல."

பூமிநாதன் சிரித்தார். "அண்ணாச்சி மறுபடியும் நம்மகிட்டதான் போடுவேங்குறாக."

வேலை தப்பியது. அனுசியா மூச்சை விடுவதற்குள் ஜெயபாண்டி மடியிலிருந்து போனை எடுத்தார்.

"மேட்டுக்காட்டுல இன்னொரு எடம் பாத்துருக்கேன். கீழக்காட்ட வித்துத்தான் போடணும். இப்ப என்ன சொல்லுதுன்னு உன் முன்னாலயே பாத்துட்டுப் போயிருவோம்."

பக்கத்தைத் திறந்தார். கண்ணை மூடிச் சாமியை நினைத்துக்கொண்டார். பக்கத்தை மூடினார். ஒன்றும் குதிக்கவில்லை.

"தடுக்கல!" என்றார் முகமெல்லாம் பல்லாக.

அனுசியா உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். வாயைத் திறக்காதே என்று பூமிநாதன் கண்ணாலேயே அதட்டினார். விஜயபாண்டி வேறு முறைத்தார். திறந்தால் வேலை போய்விடும், சந்தேகமே இல்லை. ஆனாலும் பேசிவிட்டாள்.

"ஐயா, நேத்து நான்தான் அத எடுத்துட்டேன். அது உங்களுக்குன்னு வரலய்யா, எல்லாருக்கும்தான் வந்துச்சு. இத நம்பிக் காட்ட வித்துராதீக."

பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு பேசியதில்லை. ஜெயபாண்டி அவள் தலையில் வாஞ்சையாகக் கை வைத்தார்.

"நீயாவா எடுத்த? சாமிதான் உன்ன எடுக்க வச்சிருக்கு தாயி."

"வண்டிய எப்ப அனுப்பட்டும் அண்ணாச்சி?" என்றார் பூமிநாதன் சட்டென்று.

இருவரும் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். "பேச்ச விடு, போயி வேலையப் பாரு" என்றார் விஜயபாண்டி. வேலை போகவில்லை. போயிருந்தால் தேவலை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது.