புரட்டாசி வெயிலில் அண்ணன் காத்த பத்தியம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் சிலர் எங்கள் அண்ணனைக் கண்டு ஒதுங்கிப் போனவர்கள். அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அவர்கள் சிரிப்பார்கள். அண்ணன் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். உடன்பிறந்த தங்கை என்ற உரிமையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது எழுமலையில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் அண்ணனின் படிப்பு பாதியில் நின்றது. கம்பும் பருத்தியும் விளைவித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவரும் அவர்தான். உழைப்பு எவ்வளவோ, கோபமும் அவ்வளவு.

ஒரு புரட்டாசி மாதம், கிணற்றுத் தண்ணீர் முறைக்காக அவருக்கும் எங்கள் தாய்மாமன் மகனுக்கும் தகராறு வந்தது. சோற்றுத் தூக்கோடு நான் வரப்பில் நின்றிருந்தேன். "இன்னிக்கு எங்க மொறை. மடைய அடைக்காத" என்றார் மச்சான். அண்ணன் மண்வெட்டியை ஓங்கி மச்சானின் வலது தோளில் இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. வாய்க்கால் தண்ணீர் சிவந்து பருத்திப் பாத்திக்குள் போனது. மறுபடியும் ஓங்கியவரின் காலைக் கட்டிக்கொண்டேன், உதைத்துத் தள்ளினார். ஊரார் வந்துதான் பிடித்தார்கள்.

மச்சான் பிழைத்தார்; அந்தக் கை பிழைக்கவில்லை. அண்ணன் சிறைக்குப் போனார். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

விடுதலையானதும் குடும்பத்தோடு வில்லாபுரம் வந்து மாவு மில் வைத்தார். ஆனால் புரட்டாசி பிறந்தால் போதும். நெஞ்செரிச்சல், கண்ணெரிச்சல், தூக்கமின்மை. குடியும் சேர்ந்துகொள்ளும். ஒருநாள் அவர் வீசிய தட்டு அண்ணியின் நெற்றியைக் கிழித்தது. தையல் போட்ட நெற்றியோடு அண்ணி சொன்னார்: "வைத்தியம் பாக்க வாறீகளா, இல்ல பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் போகவா?"

அண்ணன் போனார். ஆயுர்வேத மருத்துவரான ஓர் அம்மையார் பொறுமையாக விளக்கினார்: "மழைக்காலத்துல சேர்ற பித்தம், மழை விட்டு வெயில் அடிக்கிறப்ப கெளம்பும். சரத் காலம்னு சொல்லுவோம். காரம், புளி, தயிர், சாராயம் எதுவும் வேணாம். கசப்பும் இனிப்பும் சேருங்க."

"அப்ப என் கோவம் போயிருமா?"

"எரிச்சலுக்கு மருந்து இருக்கு. கை ஓங்குறதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. அத நீங்கதான் இறக்கணும்."

அதன்பின் ஆவணி முடிந்ததும் வீட்டுச் சமையல் மாறிவிடும். பழைய அரிசிச் சோறு, பாசிப்பருப்பு, நெய், புடலங்காய், பாகற்காய், நெல்லிக்காய். உச்சி வெயிலில் வெளியே போகமாட்டார். பகலில் படுக்கவும் மாட்டார். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட்டு மாடியில் நிலா வெளிச்சத்தில் உட்காருவார். எதுவும் சுலபமாக நடக்கவில்லை. "மனுசன் திங்கிறதா இது?" என்று கத்துவார். "கத்துங்க. கைய மட்டும் மடியில வைங்க" என்பார் அண்ணி. மெல்ல எரிச்சல் தணிந்தது, தூக்கம் வந்தது. கோபம் ஏறினால் எழுந்து வாசலுக்குப் போகப் பழகினார்.

சில வருடங்கள் கழித்து, ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மச்சானின் மகன் அரிவாளோடு மில்லுக்குள் வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"மாமா, எங்கப்பாவால ஒரு வாய் சோறு அள்ளித் திங்க முடியல, தெரியுமா?"

முதல் வெட்டு அண்ணனின் காதையும் கன்னத்தையும் பிளந்தது. அடுத்ததைத் தடுத்த கையில் இரண்டு விரல்கள் தொங்கின. கொட்டிக் கிடந்த மாவில் இரத்தம் விழுந்து குழைந்தது. அண்ணன் அவரைத் தள்ளி, நெஞ்சில் மிதித்து, இரும்புக் கம்பியை ஓங்கிவிட்டார். "போடுண்ணே!" என்று வெளியிலிருந்து கத்தினார்கள். அடிக்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அண்ணன் கம்பியைத் தெருவில் எறிந்தார்.

"ஒங்க வீட்டுல ஒரு கை போனது போதும் மாப்ள. எந்திரி."

மருத்துவமனைக்கு வந்த காவலரிடம், "மொதல்ல வெட்டுனவன் நான்தான் சார். அதையும் எழுதிக்கங்க" என்றார். மறுநாள் மச்சான் வந்து கட்டிலருகே நின்றார்.

"மன்னிச்சிருன்னு கேக்க வாய் வரல மச்சான்" என்று அண்ணன் அழுதார்.

"கேக்காத. கேட்டாலும் நான் சொல்லமாட்டேன்" என்றார் மச்சான். ஆனாலும் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பத்தியம்தான் அண்ணனைத் திருத்தியது என்று சொல்லமாட்டேன். கம்பியைக் கீழே போட்டவர் அவர். ஆனால் நெஞ்சு எரிந்துகொண்டும் தூங்காமலும் இருந்திருந்தால் அன்று என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சென்ற ஐப்பசியில், இதயம் பலவீனமாகி, அண்ணி கையால் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழவில்லை.

மருத்துவரம்மாவுக்கும், மில் தொழிலாளர்களுக்கும், இரவும் பகலும் உடனிருந்த தெருவாருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத அந்த நாளில், எழுமலையிலிருந்து மச்சான் வீட்டார் அண்டா நிறையச் சோறு கொண்டுவந்து இறக்கினார்கள். வலது கை எழாததால் மச்சான் இடது கையால் பரிமாறினார். யாரும் இலையை நகர்த்திக்கொள்ளவில்லை. அண்ணனின் பிள்ளைகள் இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்தக் குடும்பத்தாருக்கு எங்கள் வீடு கடமைப்பட்டிருக்கிறது.

— தங்கை