மேட்டுக் கண்டத்தில் சைக்கிள்

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மூத்தவளுக்கு ஒன்றைக் கட்டிக் கொடுத்தோம். இளையவளுக்கு, நாங்கள் குடியிருந்த கல்முனை வீட்டையே எழுதினோம். எனக்குத் தபால் கந்தோரில் பென்சன் ஆனதும் அதே வருசம்தான். தங்களோடேயே இருக்கும்படி மகள் கேட்டாள். புது மாப்பிள்ளை வந்த வீட்டில் நாம் எதற்கு என்று என் மனைவிதான் மறுத்தாள். மாவடிப்பள்ளி வயல்வட்டையோரம் எங்களுக்கிருந்த வயல் துண்டில் இரண்டு அறையும் குசினியும் தகரம் இறக்கிய விறாந்தையுமாய் ஒரு சின்ன வீடு எழும்பியது. அங்கே இருந்தது மூன்று கோடைதான். முதல் கோடையைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன்.

கோடை என்றால் அங்கே கச்சான் காற்று. காலையில் முற்றத்தைப் பெருக்கி, கோழிக்குத் தீன் போட்டு, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்வரை உலகம் அமைதியாக இருக்கும். வெயில் ஏறியதும் மேற்கிலிருந்து அடுப்பு வாய்போல் வீசத் தொடங்கும். சன்னலை அடைத்து, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே இருப்போம். லுஹர் தொழுது, சாப்பிட்டு, பன்பாயில் சரிந்தால் தகரம் படபடக்கும் சத்தத்திலேயே உறக்கம் வரும். எழும்பியதும் மனைவி வத்தகப்பழம் வெட்டுவாள். அஸர் தொழுகைக்குப் பிறகு காற்று அடங்கும். எருமைகள் வரம்போரமாக வரிசையாய்ப் போகும். அவற்றைப் பார்த்தபடி தேத்தண்ணீர் குடிப்போம். வேறு வேலை இல்லை. வேலை இல்லாமல் இருப்பது அவ்வளவு இனிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்தக் கோடையின் நடுவில் எனக்குக் கண்ணில் ஒப்பரேசன் செய்தார்கள். தூசி படக் கூடாது, மோட்டார் சைக்கிளைத் தொடவே கூடாது என்று டொக்டர் சொல்லி, கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார். அதுவரை சந்திக் கடைக்கு, மீனுக்கு, மருந்துக்கு எல்லாம் நான்தான் போய்வருவேன். மனைவியோ டவுனில் இருந்தவரை கடைவாசல் மிதித்தவள் அல்ல. மருமகன் கொஞ்ச நாள் சாமான் கொண்டுவந்து தந்தார். அவருக்கும் கடை இருக்கிறது, எத்தனை நாளைக்கு அலைவார்?

பக்கத்துத் துண்டில் காரைதீவிலிருந்து ஒரு பெண் வந்து மிளகாயும் கத்தரியும் செய்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், சைக்கிளில்தான் வருவாள். எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளுவாள், போகும்போது கத்தரிக்காய் தருவாள். ஒருநாள் கிணற்றடியில் மனைவி அவளிடம் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது.

"தங்கச்சி, இத என்னால ஓட ஏலுமா?"

"ஏன் அக்கா ஏலாது? சின்னதில ஓடினீங்களா?"

"தொட்டும் பாத்ததில்ல."

எங்கள் வயலில் ஒரு பகுதி மேட்டுக் கண்டம். கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு வாய்க்கால் தண்ணீர் அதில் ஏறாது. காய்ந்து, வெடித்து, சிமெந்துத் தரைபோல் கிடக்கும். அங்கேதான் பழக்கம் நடந்தது. நான் விறாந்தையில் கறுப்புக் கண்ணாடியோடு இருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கலங்கலான இரண்டு உருவங்கள்தான். கறுப்பு உருவம் கொஞ்சத் தூரம் நகரும், பிறகு சாயும். விழும்போதெல்லாம் இரண்டு பேரும் சிரிப்பார்கள். மனைவி அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

அபாயா சங்கிலியில் சிக்கிக் கிழிந்தது. கீழே காற்சட்டை போட்டு, அபாயாவைக் கணுக்காலுக்கு மேலே வெட்டித் தைத்துக்கொண்டாள். முழங்கால் தோல் உரிந்து வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. இடுப்பு முறிந்தால் யார் பார்ப்பது, பள்ளிவாசலடியில் ஆட்கள் என்ன கதைப்பார்கள் என்றெல்லாம் சொன்னேன். மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டே சொன்னாள்:

"உங்கட கண் சுகமாகுமட்டும் நான் சன்னலுக்குள்ளால பாத்துக்கிட்டு இரிக்கிறதா? விழுந்தா எழும்புவன்."



ஒரு பின்நேரம் மூத்தவள் சொல்லாமல் வந்து இறங்கினாள். உம்மா வயலில் சைக்கிளோடு மல்லுக்கட்டுவதைக் கண்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வயதில் இது என்ன என்று இரண்டு பேரையும் ஏசினாள். மனைவி வத்தகப்பழம் வெட்டி முன்னால் வைத்தாள். ஏச்செல்லாம் முடிந்த பிறகு, மகளின் வீட்டில் பேத்தி ஓடிவிட்டுப் போட்ட சைக்கிள் சும்மா கிடக்கிறதா என்று கேட்டாள். மகள் கோபத்தோடு எழுந்து போனாள். ஆனால் அந்தக் கிழமையே சைக்கிள் வந்தது. டயர் புதிது. முன்னால் ஒரு கூடையும் பூட்டியிருந்தது.

பிறகு மனைவிதான் சந்திக்குப் போய்வந்தாள். முதலில் சீனி, பிறகு பாண், பிறகு மீன். ஒருநாள் மீனுக்கென்று காலையில் போனவள் வெயில் ஏறியும் திரும்பவில்லை. போன் மேசையிலேயே கிடந்தது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணாடியைப் போட்டு, குடையை விரித்துக்கொண்டு, டொக்டர் சொன்னதை மறந்து ரோட்டில் இறங்கினேன். காற்று குடையைப் பறிக்கப் பார்த்தது. காரைதீவுப் பக்கம் போகும் ரோட்டில், மாரி வெள்ளம் மேலால் பாயவிட்ட தாம்போதிவரை வந்துவிட்டேன். தாம்போதியின் நடுவில் ஒரு கறுப்பு உருவம் எதிர்க்காற்றில் குனிந்து மெதுவாக மிதித்து வந்தது. என்னருகில் வந்து இறங்கியது.

"எங்க புள்ள போன?"

"கடலப் பாத்திட்டு வாறன்," என்றாள்.

கூடைக்குள் பாரைக்குட்டிகள் இருந்தன. கரைவலை இழுக்கும் இடத்துக்கே போய் விலை கதைத்து வாங்கியிருக்கிறாள். கல்முனையில் பிறந்து வளர்ந்தவள். அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில்தான் எங்கள் வீடு. ஆனால் தனியாகக் கடற்கரையில் நின்றது அன்றைக்குத்தான் என்றாள். ஏச வேண்டியவன் நான். அவள்தான், தூசிக்குள் வெளியே வந்ததற்கு என்னை ஏசினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளும் குடையோடு நானுமாக வீடுவரை நடந்தோம். வலை வந்த விதம், வலைக்காரரின் தலைவன் தண்டையல் தம்பி விலை குறைத்தது, கால் நனைத்தது என்று வழியெல்லாம் சொல்லி வந்தாள். அன்று புளி கரைத்துக் காய்ச்சிய மீனாணத்தில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. இரண்டு பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

என் கண் சுகமானது. மோட்டார் சைக்கிளைத் திரும்ப எடுத்தேன். ஆனால் மீனுக்குப் போவது அவள்தான் என்றாகிவிட்டது. பள்ளியடியில் கொஞ்ச நாள் கதைத்தார்கள்தான். பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர் மேட்டுக் கண்டத்துக்கு வந்து பழகத் தொடங்கினார்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவது என் மனைவி.

மூன்றாவது கோடை முடியும்போது இளையவளுக்கு இரண்டாவது பிள்ளை கிடைக்க இருந்தது. உம்மா பக்கத்தில் வேண்டும் என்றாள். மாரிக்கு முன்னமே ஒரு சின்ன லொறியில் சாமான் ஏற்றினோம். முன் சீட்டில் தனக்கு இடம் வைத்திருந்தும் மனைவி ஏறவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு முந்தியே புறப்பட்டாள். தாம்போதியில் அவளை எட்டிப் பிடித்தோம். நேராக நிமிர்ந்து, ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். சாரதி ஹோர்ன் அடிக்கக் கை வைத்தான்.

"முந்த வேணாம் தம்பி," என்றேன். "பின்னாலயே போவம்."