பூஜ்யம் காட்டிய மீட்டர்

எங்கள் எரிவாயுச் சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வகத்தில் மூத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் மோப்பக்காரர். காரணம் மூக்கு அல்ல, சந்தேகம். டீயைக்கூட யார் போட்டது என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். அதிகச் சந்தேகம் மீட்டர் மெக்கானிக் மேல். அவன் அவருடைய சொந்த மருமகன். பெண்ணைக் கொடுத்தாரே தவிர, ஒரு ஸ்பானரை நம்பிக் கொடுத்ததில்லை.

கிணற்றிலிருந்து வரும் வாயுவில் தண்ணீரோடு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷவாயு ஒன்றும் கலந்திருக்கும். உயரமான கோபுரத்தில் மேலிருந்து இறங்கும் திரவம் அந்த விஷத்தை வாங்கிக்கொள்ளும். மிச்சம் எவ்வளவு என்று மீட்டர் காட்டும். பிறகு வாயு ஊர் அடுப்புகளுக்குப் போகும், அவருடைய மகள் வீட்டு அடுப்பு உட்பட.

அந்த வாரம் மூன்று நாட்களாக மீட்டர் சுத்தப் பூஜ்யம் காட்டியது. எங்களுக்குச் சந்தோஷம், அவருக்குத் தூக்கம் போயிற்று. எப்போதும் இரண்டோ மூன்றோ இருக்குமே என்று முணுமுணுத்தபடி, விஷம் பட்டால் நிறம் மாறும் காகிதத்தோடு கோபுரத்துக்கு நடந்தார். லேசாகப் பழுப்பேற வேண்டிய காகிதம் கரியாகக் கறுத்தது. ஊருக்குப் போகும் வால்வை உடனே மூடவைத்தார். திரவம் அன்று காலைதான் கெட்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

மீட்டரைச் சரிபார்க்கும்போது, விஷமே இல்லாத வாயு அடைத்த சிலிண்டரை இணைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்போம். பார்த்தபின் மீட்டரின் பிடியைக் கோபுரத்திலிருந்து வரும் குழாய்ப் பக்கம் திருப்ப வேண்டும். யாரோ திருப்பவில்லை. மூன்று நாளும் மீட்டர் அந்தச் சிலிண்டரைத்தான் அளந்துகொண்டிருந்தது.

யாரோ என்ன யாரோ, மருமகன்தான் என்று முடிவுகட்டிவிட்டார். மகளுக்குப் போன் போட்டு, அடுப்பைப் பற்றவைக்காதே, எல்லாம் உன் வீட்டுக்காரன் செய்த வேலை என்றார். பிறகு எங்கள் எல்லார் முன்னாலும் அவனைத் திட்டித் தீர்த்தார். எனக்கே கோபம் வந்தது. அவன் சரிபார்ப்புப் பதிவேட்டை விரித்துவைத்தான்.

திங்கள் காலை பத்து மணிக்குச் சரிபார்ப்பு, மருமகன் கையெழுத்து. பத்தரைக்கு மறுபடி சரிபார்ப்பு, மாமனார் கையெழுத்து. அவன் செய்ததை நம்பாமல் திரும்பச் செய்தவர் இவரேதான்.

அவர் தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"திருப்பாம விட்டது நான்தான், மாப்பிள்ளை" என்றார். ஆலைக்குள் அவனை அப்படிக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை.

மருமகன் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"அத அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா. நான் சொன்னா நம்பமாட்டா. உங்க பொண்ணாச்சே."