தானாகத் திறந்த பக்கம்

என் அத்தைக்கு மற்றவர்கள் மனதில் இருப்பது தெரியும் என்று எங்கள் ஊரில் பலர் நம்பினார்கள். நானும் நம்பினேன். அதனால் அவர் இருக்கும் அறையைக் கடக்க நேர்ந்தால் மனதுக்குள் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே கடப்பேன். என் தலைக்குள் எட்டிப் பார்த்தாலும் அவருக்குப் பெருக்கல்தான் தெரியவேண்டும் என்பது என் ஏற்பாடு. ஐந்தாம் வாய்ப்பாடு இதற்கு உதவாது. அது யோசிக்காமலே வந்துவிடும். நடுவில் வேறு நினைப்பு நுழைந்துவிடும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தார். வில்லியனூரைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் எங்கள் ஊர். மாதா கோயிலைச் சுற்றிக் கிறிஸ்தவர்களான எங்கள் ஆட்களின் வீடுகள். வேலிக்கு அந்தப் பக்கம் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களின் வீடுகள். அப்பா பாண்டிச்சேரியில் ஒரு நூற்பாலைக்கு சைக்கிளில் போய்வந்தார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் கோயில் பங்குக்கு, பரிசுத்த ஆவியின் வரங்களைக் கேட்டுச் செபிக்கும் அருங்கொடை செபக்கூட்டம் வந்திருந்தது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் உட்காருவார்கள். கோயிலில் முழங்காலில் நின்று முணுமுணுத்தே பழகியவர்கள், கைதட்டிப் பாட முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு யார் சத்தம் பெரியது என்று பார்க்கும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். பாட்டு முடிந்து எல்லோரும் அமைதியாகும்போது சிலருக்கு வரம் இறங்கும். கொத்து வேலை செய்கிற ஒருவர் நோயாளிகள் மேல் கைவைத்துச் செபித்தார். அத்தைக்குக் கிடைத்தது அறிவின் வார்த்தை. அதாவது, அங்கே இருக்கும் ஒருவரைப் பற்றி அவர் உள்ளத்தில் ஒரு வார்த்தை வரும். அதை எழுந்து சொல்வார்.

"இங்க ஒருத்தர் கூடப் பொறந்தவங்களோட பேசாம இருக்கீங்க. இன்னிக்கே போய்ப் பேசுங்க" என்பார். எங்கள் ஊரில் எந்த மாதத்திலும் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் எல்லாவற்றையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒருமுறை புதிதாக வந்த ஒரு பெண் சிரித்த முகத்தோடு எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தாள். அத்தை போய் அவள் கையைப் பிடித்து, "அழுதுடும்மா" என்றார். அவ்வளவுதான். அவள் அத்தையின் மடியில் விழுந்து அழுதாள். பிள்ளை இறந்து பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகுதான் நான் வாய்ப்பாட்டைக் கையில் எடுத்தேன்.

பங்குச்சாமியார் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவார். வார்த்தை வந்தால் உடனே சொல்லிவிடக் கூடாது. அது ஆண்டவரிடமிருந்து வந்ததா, நமக்குள்ளிருந்து வந்ததா என்று பகுத்தறிய வேண்டும். அந்தப் பகுத்தறிவும் ஒரு வரம், அதையும் சேர்த்துக் கேளுங்கள் என்பார். எல்லோரும் "அல்லேலூயா" என்பார்கள். சோதித்துப் பார்ப்பதற்கு அவர்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். கண்ணை மூடிச் செபித்து, பைபிளைத் திறந்து, திறந்த இடத்தில் வாசிப்பது. வசனம் எடுப்பது என்று அதற்குப் பெயர். வசனம் ஒத்துப்போனால் வார்த்தை உறுதி.

அந்த வருடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வயிற்றில் கட்டி என்று மட்டும் எனக்குச் சொல்லப்பட்டது. அம்மா வெளுத்துக்கொண்டே போனார். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிவிட்டு, எங்கே போகிறோம் என்பதை மறந்தவர் போல நின்றார். பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார்கள். சேர வேண்டிய திங்கட்கிழமையையும் சொல்லிவிட்டார்கள். அப்பா ஆலையில் லீவு சொன்னார். பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்பது என் பொறுப்பு: தட்டு, டம்ளர், பிளாஸ்க், பழைய புடவைத் துணிகள், ஜெபமாலை, சோப்பு. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு வெளியே எடுத்து மறுபடி அடுக்குவது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்த சனிக்கிழமை. கூட்டத்தில் அம்மாவுக்காகச் செபித்தார்கள். அமைதி வந்தது. அத்தை எழுந்து நின்றார். அவர் உதடு நடுங்கியது.

"கத்தி வேண்டாம்" என்றார். "கத்தி வேண்டாம். அவர் தொடுவார்."

கூட்டம் ஆர்ப்பரித்தது. அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அது சந்தோஷ அழுகை என்று எனக்குப் புரிந்தது. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து தட்டையும் டம்ளரையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் தம்பிகள் அக்காவிடம் பேசும் குரலில்தான் அவரால் பேச முடிந்தது.

"டாக்டர் தள்ளிப் போடாதீங்கன்னு சொல்லியிருக்காருக்கா…"

"நான் சொல்றன்னா நெனைக்கிற? வசனம் எடுப்போம்."

அத்தையின் பைபிள் கனமானது. கறுப்பு அட்டை போட்டது. அவர் கண்ணை மூடித் திறந்தார். நெடுங்காலம் உதிரப்போக்கால் வாடிய ஒரு பெண், கூட்டத்துக்குள் நுழைந்து, இயேசுவின் ஆடை விளிம்பைத் தொட்டுச் சுகமாகும் பகுதி. வைத்தியர்கள் பலரிடம் போயும், கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் பயனில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. அம்மா வாங்கித் திறந்தார். அதே பக்கம். அப்பா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு திறந்தார். அதே பக்கம். அப்பாவின் தோள்கள் தளர்ந்துபோனதைப் பார்த்தேன். லீவு வேண்டாம் என்று ஆலையில் சொல்லிவிட்டார்.

வாரத்தின் நடுவில் அம்மா கைப்பம்பு அருகே மயங்கி விழுந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து தூக்கி உட்கார வைத்தாள். எங்கள் பசுவுக்குப் பிரசவம் பார்த்தவள். எதையும் நேரே பேசுகிறவள். அம்மாவின் புடவையில் கறையைப் பார்த்துவிட்டு என்னை வீட்டுக்குள் போகச் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இன்னாக்கா இது, மாட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னா வண்டி கட்டிக்கினு ஓட்றீங்க. உங்களுக்கு இன்னா?"

"சாமி வேணாம்னு சொல்லிடுச்சு."

"உங்க சாமி சொல்லிச்சா, உங்க நாத்தனாரு சொன்னாங்களா?"

அம்மா புடவையை இழுத்து மூடிக்கொண்டார். நான் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்காக மிகவும் வருத்தப்பட்டேன். மூன்று பேருக்கும் ஒரே பக்கம் வந்தது அவளுக்குத் தெரியாது, பாவம்.

அன்று சாயங்காலம், எனக்கும் ஒரு வசனம் எடுக்கத் தோன்றியது. அத்தை கோயிலில் இருந்தார். நான் கை கால் கழுவிக்கொண்டு, கண்ணை மூடி, அம்மாவுக்கு நல்லாகுமா என்று கேட்டுத் திறந்தேன். அதே பக்கம். உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தேகமில்லை, எனக்கும் வரம் வந்துவிட்டது. கிடைத்ததை வீணாக்குவானேன் என்று மேலே கேட்டேன். நாளைக்குக் கணக்கு டீச்சர் அடிப்பாரா? அதே பக்கம். ஆடு எத்தனை குட்டி போடும்? அதே பக்கம். நான் பெரியவளானால் சைக்கிள் வாங்கித் தருவார்களா? அதற்கும் அந்தப் பெண்தான் ஆடையின் விளிம்பைத் தொட்டாள்.

அத்தை வாசலில் செருப்பை விடும்போதே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அத்த, எதைக் கேட்டாலும் அதே பக்கம்தான் வருது!"

அத்தை சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "எதைக் கேட்டடி?"

வரிசையாகச் சொன்னேன். ஆட்டுக்குட்டிக்கு வந்தபோது அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பைபிளை எடுத்தார். மூடி, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி தரையில் நிறுத்தி, இரண்டு கைகளையும் விட்டார். புத்தகம் மெதுவாக விரிந்தது. மறுபடி மூடி நிறுத்தினார். மறுபடி விரிந்தது. அவர் செபிக்கவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. விரிந்த பக்கங்களுக்கு நடுவில், தையல் விட்டுப்போயிருந்த இடத்தில், விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாமாவ ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிக்கினு போனப்போ, வராண்டாவுல உக்காந்து இந்தப் பக்கத்தத்தான் திரும்பத் திரும்பப் படிச்சிக்கினு இருந்தேன்" என்றார். "முட்டிய வச்சு அழுத்திப் புடிச்சிக்கினு. அவர் வரவேயில்ல."

என்னிடம் சொல்கிறாரா, தனக்குள் சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கு மாமாவை நினைவில்லை. என் வரத்தைப் பற்றி அத்தை ஒன்றும் சொல்லாதது மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலைப் பூசை முடிந்தும் வீட்டுக்கு வராமல் சாமியாரிடம் வெகுநேரம் பேசினார். வந்ததும் அடுப்படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போம்மா. அந்த வார்த்த அவருது இல்ல."

அம்மா மிரண்டுபோனார். "இன்னா அண்ணி இப்டிச் சொல்றீங்க? அத்தன பேர் முன்னாடி சொன்னீங்க. இப்ப அடுப்பாண்ட வந்து மாத்திச் சொன்னா நான் எத நம்புறது?"

இப்போது யோசித்தால் அம்மாவின் பிடிவாதம் புரிகிறது. கத்திக்குத் தப்ப அவருக்குக் கிடைத்திருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை அடுப்படியில் வைத்துப் பிடுங்கினால் விடுவாரா?

அத்தை அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினார். பிறகு, "சரி. அங்கயே சொல்றேன்" என்றார்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். அம்மா சுகமானதைச் சாட்சியாகச் சொல்வார் என்று பக்கத்து ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். முதல் பாட்டு முடிந்ததுமே அத்தை எழுந்தார்.

"போன வாரம் நான் சொன்ன வார்த்த ஆண்டவர் குடுத்தது இல்ல. என் வூட்டுக்காரர் ஆபரேஷன்ல செத்தாரு. அந்தப் பயம் எனக்குள்ளயே இருந்திருக்கு. அது பேசுறத நான் அவர் பேசுறார்னு நெனச்சிட்டேன். சோதிச்சுப் பாக்காம சொன்னது என் தப்பு. என் தம்பி பொண்டாட்டி ஆபரேஷனுக்குப் போறா. எல்லாரும் வேண்டிக்கோங்க."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. கூட்டத்தை நடத்தும் அம்மாள் எழுந்து, "அக்கா, இது சாத்தான் உங்களக் கொழப்புறான். அவசரப்படாதீங்க" என்றார்.

"இப்ப எனக்குக் கொழப்பம் இல்லம்மா. போன வாரம்தான் நடுங்கிக்கினு இருந்தேன்" என்றார் அத்தை.

பின்னாலிருந்து யாரோ, "அப்போ எங்களுக்குச் சொன்னதெல்லாம்?" என்று கேட்டார்கள். அத்தை திரும்பிப் பார்த்தார்.

"அதையும் சோதிச்சுப் பாருங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. பிரிந்த தையலில் விரல் ஓட்டிய ஒரு சாயங்காலத்தில் அத்தையின் வரம் போய்விட்டது என்றும், அது போனதில் எனக்கும் ஏதோ பங்கு உண்டு என்றும் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும், தட்டையும் டம்ளரையும் எடுத்து வா என்றார். நான் பையை மறுபடி அடுக்கினேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவோடு அத்தைதான் தங்கினார். மாமா அங்கே இறந்ததிலிருந்து அந்தத் தெருப்பக்கமே போகாதவர். ஆபரேஷன் அன்று அப்பாவும் நானும் டவுன் பஸ்ஸில் போனோம். அத்தை வராண்டாவில், சுவரோரம், ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். பைபிளைக் கொண்டுவரவில்லை. அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வெயில் வராண்டாவின் பாதிவரை வந்தது, முக்கால்வாசி வந்தது. உள்ளேயிருந்து நர்ஸ் வந்து அம்மாவின் பெயரைச் சொன்னபோது அத்தை எழுந்திருக்க முயன்று, முடியாமல், அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாருக்காங்க. கட்டிய எடுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா கஷ்டம்" என்றாள் நர்ஸ்.

அத்தை ஜெபமாலையைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார். பிறகு அப்பாவிடம், "பசிக்குதுடா" என்றார். எதிர்க்கடையில் டீயும் பன்னும் வாங்கினோம். அத்தை பன்னை டீயில் முக்கி முக்கி, குழந்தை போலச் சிந்திக்கொண்டு சாப்பிட்டார். அப்பா சிரித்தார். அந்த வாரம் முழுக்க அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மயக்கம் தெளிந்த அம்மா முதலில் கேட்டது, பால் கறந்தது யார் என்பதை. வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா என்று சொன்னோம். "அவளா? பாதிய கன்னுக்குட்டிக்கு விட்டுருப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகும் சனிக்கிழமைக் கூட்டம் நடந்தது. அத்தையும் போனார். அரிதாகத்தான் எழுந்து பேசினார். ஆனால் வீட்டுக்கு அவரைத் தேடி வருகிறவர்கள் குறையவில்லை. "எனக்காகக் கேட்டுச் சொல்லுங்க" என்பார்கள். "கேக்குறேன். ஆனா அது என் பயமா இல்லையான்னு பாத்துட்டுத்தான் சொல்வேன். கொஞ்ச நாள் பொறு" என்பார். போய்விட்டு, திரும்பவும் வருவார்கள். நான் வாய்ப்பாடு சொல்வதை நிறுத்திவிட்டேன். வரம் இல்லாத அத்தையிடம் அது எதற்கு?

இப்போது நான் அளவைக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எதையும் நிறுப்பதற்கு முன்னால், தட்டில் ஒன்றும் இல்லாதபோது முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். அதைப் பார்க்காமல் எடுத்த எந்த அளவையும் ஏற்பதில்லை.

அம்மா வீடு திரும்பிய பிறகு, ஒருநாள் அப்பா அந்த பைபிளை வில்லியனூருக்குக் கொண்டுபோய் பைண்டிங் செய்து வருவதாகச் சொன்னார். சைக்கிளில் வைக்கத் துணியில்கூடச் சுற்றிவிட்டார். அத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்டா. எங்க தொறக்கும்னு தெரிஞ்சா போதும்."

பைண்டிங் கூலிக்குப் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.