சுற்றுவழி

ஸ்டுட்கார்ட்டில் பனிக்கால டயர் மாற்றக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். ஒல்லியான உடம்பு, மடியில் வரைபடம். எல்லைக்கோடு வந்ததும் விரலால் இருமுறை தட்டுவார். ஆஸ்திரியா, சுவிஸ், இத்தாலி சுற்றிப் பிரான்ஸின் பனிச்சறுக்கு மலைக்குப் போகிறாராம்.

விதிமுறை சொல்லியே ஓய்வுபெற்றவன் நான். “நேரை சுவிஸுக்குள்ளாலை போனால் கிட்ட, அண்ணை. எல்லையளிலை மறிச்சாலும் மறிப்பாங்கள்.”

“மறிக்கட்டும். இஞ்சை அகதியா இருக்கேக்கை, அனுமதியில்லாமல் மாவட்டம் தாண்டக்கூடாதெண்டு சட்டம். கலியாணத்துக்குத் தாண்டிப் போனதுக்குத் தண்டம் போட்டவங்கள். இப்ப எல்லா எல்லையும் தாண்டித்தான் போவன்.”

வரைபடத்தைப் பார்த்தேன். “ஆஸ்திரியாவுக்கும் சுவிஸுக்கும் நடுவிலை லீக்டன்ஸ்டைன் எண்ட குட்டி நாட்டை விட்டிட்டியள்.”

அங்கும் இருமுறை தட்டினார்.

“பனியிலை சறுக்குவியளோ?”

“ஏலாது, முழங்கால் சரியில்லை. எல்லை தாண்ட அது தேவையில்லைத்தானே?”

அதை மறுக்க எந்த விதியும் இன்றுவரை எனக்கு அகப்படவில்லை.