அப்பாவின் தேத்தண்ணி

இன்று சந்தையில் நனைந்த சாக்கின் மணம் வந்ததும், வாவிக்கரையில் முன்பு இருந்த தகரக் கொட்டகைத் தியேட்டருக்குள் போய்விட்டேன். பகல் காட்சிக்கு இருட்டு வேண்டி வாசல்களில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிடுவார்கள். வாவிக் காற்றில் அவை அசையும்போதெல்லாம் வெளிச்சம் உள்ளே வந்து, திரையில் நிற்கும் பெண்ணின் முகத்தை வெளிற வைத்துவிட்டுப் போகும்.

அது கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம். அழகான மனைவி ஒருத்தி காதலனை மயக்கி, கணவனின் கோப்பையில் நஞ்சு கலக்க வைக்கிறாள். பாஷை புரியாத பெண்களெல்லாம் அவளைத் திட்டித் தீர்க்க, அம்மா மட்டும், அப்பா அடித்து வீங்கிய கன்னத்தைச் சேலைத் தலைப்பால் மூடியபடி, கண்வெட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தா.

எனக்குப் பயம் பிடித்தது. அன்றிலிருந்து அம்மா அப்பாவுக்கு ஊற்றும் தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துப் பார்த்த பிறகுதான் அவரிடம் கொண்டுபோவேன். அடித்தாலும் அவர் என் அப்பா.

ஒருநாள் அம்மா கண்டுவிட்டா.

"என்ன மகள் செய்றாய்?"

"நஞ்சு போட்டிருக்கா எண்டு பாக்கிறன்."

அம்மா அடுப்பை அணைத்தா. பிறகு எழுந்து, அப்பாவின் உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் அடுக்கி, வாசல் படலைக்கு வெளியே வைத்தா. அது அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு.

"இனி இஞ்ச வராதீங்க," என்றா அவரிடம். "என்ட பிள்ளை உங்களுக்காக நஞ்சு குடிக்கப் பாக்குது."

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று முழுக்க அழுதேன்; அழுதபடியே, பல நாளைக்குப் பிறகு பயமில்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டதும் நினைவிருக்கிறது.