பாதி வெள்ளிக்காசுகள் கிடந்த வயல்

கிளெண்டா செட்சல் எங்கள் பகுதியில் இருபத்தாறு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். என் மகள்கள் இரண்டு பேரும் அவள் பேருந்தில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி மூன்று மணிக்குத்தான் வேலை. நடுவே இருக்கும் ஆறு மணி நேரத்தை என்ன செய்வது என்பது அவளுக்குப் பெரிய பிரச்சினை. பின்னல் பழகினாள், விட்டாள். கோழி வளர்த்தாள், நரி கொண்டுபோயிற்று.

அவள் கணவன் டெரி தன் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி, இரண்டு வாரம் அதைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக அலைந்தான். கிடைத்தது ஏழு பீர் மூடியும் முதுகுவலியும். கருவி கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. அதைத் தூசி தட்டி எடுத்தவள் கிளெண்டா.

வயலில் இறங்க வேண்டுமானால் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். கிளிஃப் ஃபியரி அவளோடு ஒன்றாகப் படித்தவன். பீட்ரூட்டும் கோதுமையும் போடுகிறவன். அவன் வீட்டு முற்றத்துக்கே போய்க் கேட்டாள்.

"எதையாவது எடுத்தா பாதி எனக்கு, பாதி உனக்கு. குழியை மூடிட்டுப் போகணும்" என்றான் கிளிஃப். "ஆனா ஒண்ணு, பீர் மூடியெல்லாம் முழுசா உனக்கே."

சாலையோரம் இருக்கும் பெரிய வயலைக் கொடுத்தான். அதை ஃபியரி குடும்பத்தார் 'ஹைவ்' வயல் என்பார்கள். தேன்கூட்டு வயல் என்று பொருள். தாத்தா காலத்தில் தேனீ வளர்த்திருப்பார்கள் என்பான் கிளிஃப். அங்கே தேனீயைப் பார்த்தவர் யாரும் கிடையாது.

கோதுமை அறுத்துக் கட்டை நிற்கும் செப்டம்பர் மாதத்தில் கிளெண்டா இறங்கினாள். கருவியின் வட்டத் தலையைத் தரையை ஒட்டி இடமும் வலமும் வீசிக்கொண்டே, அரை அடி அரை அடியாக நடக்க வேண்டும். இரும்பு இருந்தால் காதில் தவளை கத்துவதுபோல் கரகரக்கும். வெள்ளியின் சத்தமே வேறு, கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டினாற்போல் கணீரென்று வரும். அந்தச் சத்தம் அவளுக்கு மூன்றாம் வாரம் கேட்டது. ஒரு சாண் ஆழத்தில், மீன் செதில் மாதிரி மெலிசாக, பாதி நிலவு வடிவில் ஒரு காசு. ஒரு பக்கம் சிலுவை. மறுபக்கம் சுருள்முடி ராஜாவின் அரை முகம், ஒரே ஒரு கண்.

கிளிஃபிடம் காட்டினாள்.

"உடைஞ்சதுதானா கிடைச்சுது? முழுசா ஒண்ணைப் பார்க்கிற யோகம் உனக்கு இல்லை போலிருக்கு" என்றான் அவன்.

அடுத்த வாரம் இன்னொரு பாதி. அதற்கடுத்து ஒரு கால் துண்டு, கேக் வெட்டினாற்போல். நவம்பருக்குள் பதினான்கு காசுகள். அதில் முழுசாக இருந்தவை இரண்டுதான். காசு கிடைத்ததைவிட அது உடைந்திருந்த விதம்தான் கிளெண்டாவின் தூக்கத்தைக் கெடுத்தது. இத்தனை காசு ஏன் உடைந்தது? உடைந்தாலும் ஏன் இவ்வளவு நேராக உடைந்தது? பேருந்தில் ஏறும் பிள்ளைகளிடம்கூடக் கேட்டாள். "பசியில யாரோ கடிச்சிருப்பாங்க மிஸ்" என்று ஒருத்தி சொன்னாள்.

இப்படிக் கண்டெடுப்பவற்றைப் பதிவு செய்வதற்கென்று எங்கள் மாவட்டத்தில் ஓர் அதிகாரி உண்டு. இமோஜென் என்று முப்பது வயதுப் பெண். காசுகளைத் தனித்தனி உறையில் போட்டு எடுத்துப் போனாள் கிளெண்டா. இமோஜென் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"உடையலைங்க, வெட்டியிருக்காங்க. எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கே ஒரே ஒரு காசுதான், வெள்ளிப் பென்னி. ஒரு ஆளோட ஒரு நாள் கூலியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். சில்லறை வேணும்னா என்ன பண்ணுவாங்க? ரெண்டா வெட்டுவாங்க, நாலா வெட்டுவாங்க. பின்னாடி சிலுவை இருக்கே, அந்தக் கோட்டைப் பிடிச்சு வெட்டினா சரிபாதி."

"அது சரி. ஆனா சில்லறை மட்டும் ஏன் ஒரு வயல்ல வந்து விழணும்?"

"அது எனக்குத் தெரியாது. ஒவ்வொண்ணும் எந்த இடத்துல கிடைச்சுதுன்னு குறிச்சு வைங்க. காசைவிட அதுதான் முக்கியம்."

கிளெண்டா வயலின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து, காசு கிடந்த இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தாள். படத்தைப் பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். நேரம் கிடைத்தபோதெல்லாம் எடுத்துப் பார்ப்பாள். புள்ளிகள் வயல் முழுக்க இல்லை. வடக்கு மூலையில், கொஞ்சம் வளைந்த ஒரு கோடாக ஓடின. கோட்டுக்கு அந்தப் பக்கம் கறுப்பு மண். இந்தப் பக்கம் களிமண்.

கிளிஃபுக்கு இந்த யோசனையெல்லாம் கிடையாது. "பானை இருக்கு அங்கே" என்றான். "எவனோ பானையில போட்டுப் புதைச்சிருக்கான். ஏர் உழுது உழுது உடைஞ்சு, காசு சிதறியிருக்கு. அடியில பாதிப் பானை இன்னும் இருக்கும்."

"பானையில ஏன் சில்லறையைப் புதைக்கணும் கிளிஃப்? புதைக்கிறவன் முழுக்காசைப் புதைக்க மாட்டானா?"

"என் தாத்தா சில்லறையைத்தான் டப்பாவுல போட்டு வைப்பாரு."

"இமோஜென் சொன்னாளே, இதுல பழைய காசுக்கும் புதுக் காசுக்கும் நடுவுல எண்பது வருஷம் இருக்காம். உன் ஆள் எண்பது வருஷம் குந்திக்கிட்டு ஒரு பானையை நிரப்பினானா?"

"கஞ்சன்னா நிரப்புவான்" என்றான் கிளிஃப்.

தோண்ட வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். மண்ணைக் கிளறிவிட்டால் எது எங்கே கிடந்தது என்பதே தெரியாமல் போய்விடும். வயல் அவனுடையது. டிசம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, மண் அள்ளும் இயந்திரத்தை அவனே ஓட்டிக்கொண்டு வந்து, புள்ளிகள் நெருக்கமாக இருந்த இடத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினான். விஷயம் கேள்விப்பட்டு கிளெண்டா ஓடி வந்தபோது பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தான். உள்ளே நீலக் களிமண். மெதுவாக ஊறும் தண்ணீர். பானையும் இல்லை, ஓடும் இல்லை.

கிளெண்டா கத்தவில்லை. அள்ளிப் போட்ட மண் குவியலின் மேல் கருவியைப் பிடித்து, மூன்று மணி நேரம் சலித்துப் பார்த்தாள். ஒரே ஒரு கால் துண்டு கிடைத்தது. அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எங்கே கிடந்துதுன்னு இனிமே யாருக்கும் தெரியாது" என்றாள்.

கிளிஃபுக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாள் காலையில் பள்ளத்தை மூடினான். மூடும்போது இயந்திரத்தை விட்டு இறங்கி, தன் பங்குக்கு ஒரு முழ நீளக் கம்பை நட்டு, "இங்கேதான் தோண்டினேன், படத்துல குறிச்சுக்கோ" என்று அவளுக்குத் தொலைபேசியில் சொன்னான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் அதற்கு மேல் வராது.

ஜனவரியில் ஒன்பது நாள் விடாத மழை. பத்தாம் நாள் ஆறு கரை புரண்டது. எங்கள் சாலை மேட்டில் இருப்பதால் பேருந்து ஓடியது. அன்று காலை முப்பது பிள்ளைகளோடு கிளிஃபின் வயலைத் தாண்டும்போது, கிளெண்டா திடீரென்று பேருந்தை ஓரமாக நிறுத்தினாள்.

"என்ன மிஸ், பஞ்சரா?"

"வாயை மூடிட்டு ரெண்டு நிமிஷம் உட்காருங்க."

வயலின் வடக்கு மூலை வரை தண்ணீர் ஏறி நின்றிருந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. தண்ணீரின் விளிம்பு மண்ணோடு சேரும் இடம் லேசாக வளைந்து ஓடியது. அவள் இருக்கைக்கு அடியிலிருந்து படத்தை உருவி, கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். சிவப்புப் புள்ளிகள் போன வழியிலேயே தண்ணீரின் விளிம்பும் போயிற்று. அதே வளைவு.

எங்கள் நிலம் ஒரு காலத்தில் சதுப்பும் ஏரியுமாகக் கிடந்தது, பிறகு கால்வாய் வெட்டி வடித்தார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கரை எங்கே இருந்தது என்பதுதான் தெரியாது. கிளெண்டா அன்று அந்தக் கரையைக் கண்ணால் பார்த்தாள். தண்ணீரின் ஓரம். அங்கே வந்து நின்று, குளிரில் விறைத்த விரலால் மடியிலிருந்து சில்லறை எடுக்கிற ஆட்கள். ஒன்றிரண்டு நழுவிச் சேற்றில் விழுகிறது. நேற்று ஒருவர், இன்று ஒருவர், எண்பது வருஷமாக.

பள்ளிக்குப் பன்னிரண்டு நிமிஷம் தாமதம். இருபத்தாறு வருஷத்தில் அதுவே முதல் முறை. தலைமையாசிரியை வாசலுக்கே வந்து காரணம் கேட்டார். "ஒரு படகுத்துறையைப் பார்த்தேன்" என்றாள் கிளெண்டா.

அன்று மத்தியானமே இமோஜெனைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இமோஜென், "அந்த வயலுக்கு ஏதாவது பேர் இருக்கா?" என்றாள்.

"ஹைவ் வயல்னு சொல்லுவாங்க. தேன்கூடு. ஆனா தேனீயெல்லாம் கிடையாது."

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை. "ஆவணக் காப்பகத்துல ஒரு பழைய படம் இருக்கு. அதுல 'ஹைவ்'னு போடலைங்க. 'ஹைத்'னு போட்டிருக்கு. பழைய இங்கிலீஷ்ல படகு வந்து நிக்கிற துறைக்கு அதுதான் பேரு. சில்லறையெல்லாம் படகுக் கூலிங்க."

கிளிஃபிடம் சொன்னபோது அவன் வெகு நேரம் தலையைச் சொறிந்தான். "அப்போ என் தாத்தா தேனீயே வளர்க்கலையா?"

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் படகு என்றால் அதற்கு இன்னொரு கரையும் உண்டு. வெள்ளம் வடிந்ததும் கிளெண்டா துறையில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்தாள். முக்கால் மைல் தூரத்துக்கு மேடுபள்ளம் இல்லாத கறுப்பு வயல். அதற்கப்பால் ஆமை முதுகு மாதிரி ஒரு மேடு. அது டாரதி லேகாக்கின் ஆட்டுப் புல்வெளி. டாரதிக்கு எழுபத்தெட்டு வயது. இருவர் நிலத்துக்கும் நடுவே போகும் வாய்க்காலை யார் தூர் வாருவது என்ற சண்டையில், ஃபியரி குடும்பத்தோடு பத்தொன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

கதவைத் திறந்ததும் டாரதி கேட்ட முதல் கேள்வி: "கிளிஃப் அனுப்பினானா?"

"இல்லைங்க. அவனுக்கு நான் வந்ததே தெரியாது."

"அந்தக் கருவியை எடுத்துக்கிட்டு எத்தனையோ பேர் வந்தாங்க. எல்லாரையும் விரட்டிட்டேன். அவங்களுக்குத் தங்கம் வேணும். உனக்கு என்ன வேணும்?"

"ஆளுங்க எங்கே இறங்கினாங்கன்னு தெரியணும்" என்றாள் கிளெண்டா. மேசை மேல் படத்தை விரித்து, கரையையும் புள்ளிகளையும் காட்டினாள். டாரதி தேநீர் ஆறும் வரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ரப்பர் பூட்ஸை மாட்டினார்.

"நானும் கூட வருவேன். நீ எடுக்கிறதை நான் பார்க்கணும், பொண்ணே."

முதல் நாள் குதிரை லாடம் இரண்டும் ஆட்டுக் காது வளையம் ஒன்றும் கிடைத்தன. இரண்டாம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாள், மேடு சரிந்து சமதளத்தோடு சேரும் இடத்தில், கிளெண்டா சட்டென்று நின்றாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி டாரதியின் காதில் வைத்து, வட்டத் தலையை மெதுவாக வீசினாள். டாரதியின் வாய் திறந்தது.

"மணி அடிக்குதே!"

மண்வெட்டியால் ஒரு சதுரம் வெட்டிப் புல்லைப் புரட்டியதும், கிழவி மண்டியிட்டுத் தன் கையாலேயே மண்ணைப் பிசைந்து எடுத்தார். பாதிக் காசு. சுருள்முடி ராஜா, ஒற்றைக் கண்.

அந்த மாதம் முழுக்கத் தேடி, அங்கே ஒன்பது காசுகள் எடுத்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் வெட்டியவை. அவையும் மேட்டின் அடிவாரத்தை ஒட்டியே கிடந்தன.

"அப்படின்னா அவன் பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு ஆளுங்க தினமும் வந்துக்கிட்டிருந்தாங்களா?" என்று கேட்டார் டாரதி.

"இங்கேயிருந்து அங்கேயும் போயிருக்காங்க. இங்கேயும் காசு விழுந்திருக்கே."

"ம்." டாரதி எதிர்ப்பக்கம் கைகாட்டினார். "அவன்கிட்டே சொல்லு. வாய்க்காலை அவன் இன்னும் தூர் வாரலை."

கிளெண்டா அப்படியே போய்ச் சொன்னாள். கிளிஃப் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "பாதி தூரம் நான் வாருறேன். மீதியை அந்தக் கிழவி வாரட்டும்னு சொல்லு." பதில் கொண்டுபோனாள். மறுபதில் கொண்டுவந்தாள். நாலாவது தடவை இருவரிடமும், "நான் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குத்தான் வண்டி ஓட்டுறேன், உங்களுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டாள். மார்ச் கடைசியில் வாய்க்கால் சுத்தமாயிற்று. இரு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சந்தித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கிளிஃபின் இயந்திரம் முழுவதையும் வாரியது. டாரதி டீசலுக்குக் காசு கொடுத்தார்.

காசுகள் இப்போது மாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பங்கு வேண்டாம் என்று மூன்று பேருமே சொல்லிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புத் துணியில் இரண்டு வளைந்த வரிசைகள், நடுவே வெற்றிடம். கீழே அட்டையில் நிலத்துக்காரர்களின் பெயர்கள். லேகாக் முதலில், ஃபியரி அடுத்து. தன் வயலில்தான் முதல் காசு கிடைத்தது என்று கிளிஃப் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் தபால் நிலையத்தில் கிளெண்டாவைப் பார்த்தேன். கையில் புதிதாக அச்சடித்த படம் ஒன்று. இந்தத் தடவை பென்சில் பச்சை.

"ஆளுங்க போனாங்க, வந்தாங்க, சரி" என்றாள். "படகுக்காரன் ராத்திரி எந்தக் கரையில படுத்தான்? வாங்கின சில்லறையை எங்கே வச்சான்?"

வரிசை நகர்ந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவர்தான் தோளைத் தட்டினார்.